பின்னால் எறி, முன்னால் ஓடு

விளையாட்டுகள் வந்த வழி – 17

விடியற்காலையில் இராஜாக்கமங்கலம்துறைக் கடற்புறத்தில் கரமடி இழுப்பதை நின்று பார்த்தவர்களுக்கு ரக்பி ஆட்டத்தைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வள்ளம் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டுக் கரைக்கு வந்ததும், இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் வரிசையாகப் பிடித்துக்கொள்வார்கள். குதிகால் மணலில் புதையும். முதுகு பின்னால் சாயும். ஒருவர் குரல் கொடுக்க, அத்தனை பேருடைய எடையும் ஒரே நொடியில் கயிற்றில் இறங்கும். அந்த நொடியில் ஒருவர் பிந்தினாலும் கயிறு வழுக்கும். பக்கத்தில் நிற்பவரின் உள்ளங்கைத் தோல் உரியும். தனியாக எவ்வளவு பலம் இருக்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. சேர்ந்து இழுக்கத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ரக்பியில் இதைத் திருப்பிச் செய்கிறார்கள். இழுப்பதற்குப் பதில் தள்ளுகிறார்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னி, தலையைத் தாழ்த்தி, எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டிக்கொண்டு நிற்பார்கள். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் முட்டை வடிவப் பந்து உருட்டிவிடப்படும். எந்த எட்டுப் பேர் ஒரே மூச்சில் தள்ளுகிறார்களோ, பந்து அவர்கள் கால்களுக்கிடையே நழுவிப் பின்பக்கமாக வெளியே வரும்.

சென்ற இதழில், அமராவதியின் அனுமான் வியாயாமப் பிரசாரக் மண்டலி 1936இல் கபடியை பெர்லின் வரைக்கும் கொண்டுபோன கதையைப் பார்த்தோம். நம் மண்ணிலிருந்து வெளியே போன ஆட்டம் அது. இன்று பார்க்கப்போவது வெளியிலிருந்து இங்கே வந்து, வாசலிலேயே நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்ட ஆட்டம். அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்த முதல் தலைமுறையில் ஒருவரை நீங்கள் திரையில் பார்த்திருக்கிறீர்கள். 2013இல் வந்த 'விஸ்வரூபம்' படத்தில் கமல்ஹாசனுக்கு எதிராக உமராக நின்றாரே, ராகுல் போஸ், அவர்தான். நாகர்கோவில் திரையரங்கில் அந்த முகத்தைப் பார்த்து நடுங்கியவர்களில் எத்தனை பேருக்கு அவர் இந்தியாவின் முதல் தேசிய ரக்பி அணியில் ஆடியவர் என்று தெரிந்திருக்கும்? எனக்கும் அப்போது தெரியாது.

அவர் கதைக்குப் போகுமுன் கொல்கத்தாவுக்குப் போய்வர வேண்டும்.

1871 ஜனவரியில் லண்டனில் ரக்பி கால்பந்து சங்கம் தொடங்குகிறது. அதே ஆண்டு மார்ச் 27ஆம் நாள் எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் உலகின் முதல் நாடுகளுக்கிடையிலான ரக்பி ஆட்டத்தை ஆடுகின்றன. அதிலிருந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1872 கிறிஸ்துமஸ் நாளன்று கொல்கத்தாவில் ஒரு ஆட்டம் நடந்துவிட்டது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். எதிரே ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் சேர்ந்த அணி. அணிக்கு இருபது பேர். ஆட்டம் பிடித்துப்போய், அடுத்த மாதமே, 1873 ஜனவரியில், கல்கத்தா கால்பந்துக் கழகம் உருவாயிற்று. சேர்ந்தவர்கள் 137 பேர். 1874இல் லண்டன் சங்கத்திலும் கழகம் உறுப்பாகச் சேர்ந்தது. ரக்பி உலகில் இந்தியாவின் இடம் அவ்வளவு பழையது. பிரான்ஸ் தன் முதல் நாடுகளுக்கிடையிலான ஆட்டத்தை ஆட 1906 புத்தாண்டு நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கழகம் நாலைந்து ஆண்டுதான் தாக்குப்பிடித்தது. வெயில் ஒரு காரணம். ஆடிய பட்டாளம் மாற்றலாகிப் போனது இன்னொன்று. டென்னிஸும் போலோவும் துரைமார்களை இழுத்துக்கொண்டன. கழகத்தில் இலவசமாக மது கொடுத்ததை நிறுத்தியதும் பலர் வருவதையே விட்டுவிட்டார்கள். கலைப்பது என்று முடிவான பிறகு வங்கியில் மிச்சம் இருந்த பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. விருந்து வைத்துச் செலவழித்துவிடலாம் என்று யோசனை வந்திருக்கலாம். அப்படித்தான் பல கழகங்களின் கடைசிப் பணம் போகும். கழகத்தின் தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்த ஜேம்ஸ் ராத்னி வேறு வழி சொன்னார். 1877 டிசம்பர் 20ஆம் நாள் லண்டன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். வங்கியிலிருந்து பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே எடுத்து உருக்கி, இந்தியக் கைவேலையில் ஒரு கோப்பை செய்து அனுப்புகிறோம், ஆண்டுதோறும் ஆடும் போட்டிக்கு அது பரிசாக இருக்கட்டும் என்பது அதன் சாரம்.

270 வெள்ளி ரூபாய் உருகியது. சுமார் 45 சென்டிமீட்டர் உயரக் கோப்பை உருவானது. கைப்பிடிகளாக மூன்று நாகங்கள், மூடியின் உச்சியில் ஒரு யானை. செய்த தட்டான் எந்தத் தெருவில் இருந்தார், அவர் கைக்கு என்ன கூலி கிடைத்தது என்பதற்கெல்லாம் கோப்பையில் இடமில்லை. ஆனால் அந்த நாகப் படத்தின் வளைவைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நம்மூர்க் கோயில் வெள்ளிக் கவசங்களில் காணும் அதே பொறுமையான உளி வேலை. 1879இல் எடின்பரோவில் முதல் முறையாக அதற்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின; வெற்றி தோல்வி இல்லை. இன்றுவரை ஆண்டுதோறும் அந்த இரண்டு நாடுகளும் மோதுவது இந்த ரூபாய் வெள்ளிக்காகத்தான். 'கல்கத்தா கோப்பை' என்ற பெயர் மாறவில்லை. 1988இல் ஆட்டம் முடிந்த இரவு ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் எடின்பரோ தெருவில் அதையே பந்தாக உதைத்துச் சேதப்படுத்தினார்கள். சீர்செய்தார்கள். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கொல்கத்தாவில் சில ஆண்டுகள் கழித்து ஆட்டம் மறுபடி உயிர்த்தது. மும்பையில் 1875இல் தொடங்கிய பாம்பே ஜிம்கானா மழைக்கால ஆட்டமாக ரக்பியை வைத்துக்கொண்டது. சென்னையில் தீவுத்திடலில் 1884இல் தொடங்கிய மதராஸ் ஜிம்கானாவிலும் அது உண்டு. எல்லாம் வேலிக்கு உள்ளே. வேலிக்கு வெளியே இருந்தவனுக்கு அந்த ஆட்டத்தில் கிடைத்த வேலை புல் வெட்டுவதும் கோடு போடுவதும். கால்பந்து அப்படி நிற்கவில்லை. 1911இல் வெறுங்காலோடு மோகன் பகான் ஒரு வெள்ளைப் பட்டாள அணியை வென்றதும் அது வங்காளத்தின் ஆட்டமாகிவிட்டது. நம் கடற்புறத்துக்கும் வந்து, கோயில் முற்றத்து மணலில் மாலைதோறும் ஆடும் ஆட்டமாகிவிட்டது. கிரிக்கெட்டின் கதை எல்லாருக்கும் தெரியும். மூன்றும் ஒரே கப்பலில் வந்தவை. ரக்பி மட்டும் இறங்கிய இடத்திலேயே நின்றது.

எவ்வளவு காலம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1872 கிறிஸ்துமஸில் கொல்கத்தா மண்ணில் பந்து உருண்டது. இந்தியா என்ற பெயரில் ஒரு அணி நாடுகளுக்கிடையிலான போட்டியில் இறங்கியது 1998இல், ஆசிய ரக்பிப் போட்டியில். இடையில் 126 ஆண்டுகள்.

அந்த அணியில் ராகுல் போஸ் இருந்தார்.

1967 ஜூலை 27இல் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் கொல்கத்தா, பிறகு மும்பை. கதீட்ரல் அண்ட் ஜான் கானன் பள்ளி, அடுத்து சிடென்ஹாம் கல்லூரி. ரக்பியையும் குத்துச்சண்டையையும் அவருக்குக் காட்டிக்கொடுத்தவர் தாய் என்பது இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அடிபட்டு வருவான் என்று தெரிந்தே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் தாய்மார்கள் எந்த ஊரிலும் குறைவு. குத்துச்சண்டையில் மேற்கிந்தியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம்கூட வாங்கினார். படிப்பு முடிந்து ரெடிஃப்யூஷன் விளம்பர நிறுவனத்தில் எழுத்து வேலை. 1994இல் தேவ் பெனகல் இயக்கிய 'இங்கிலீஷ், ஆகஸ்ட்' படத்தில் நாயகன். அதன் பிறகு விளம்பர வேலையை விட்டார். நடிப்பும் ரக்பியும் மிஞ்சின.

அவர் ஆடிய இடங்கள் இரண்டு: ஸ்க்ரம் ஹாஃப், வலது விங். இரண்டையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு ஆட்டக்காரர் எந்த இடத்தில் நின்றார் என்பதிலேயே அவருடைய பாதி வாழ்க்கை இருக்கிறது.

ரக்பியில் அணிக்குப் பதினைந்து பேர். எண்பது நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். கையால் முன்னால் மட்டும் எறியக் கூடாது. இந்த ஒரு விதிதான் ஆட்டத்தின் உயிர். முன்னேற வேண்டுமானால் பின்னால் வருகிறவனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும். பின்னால் ஆள் இல்லாமல் ஒருவன் தனியாக ஓடினால் பிடிபட்ட இடத்தோடு கதை முடிந்தது. எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'டிரை'. இன்று அதற்கு 5 புள்ளி. 1992க்கு முன் 4. தொடக்க காலத்தில் ஒரு புள்ளியும் கிடையாது. கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தவனுக்குக் கம்பத்தை நோக்கி உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, ஒரு முயற்சி. பெயர் அப்படி வந்ததுதான்.

முதுகில் 9ஆம் எண் போட்ட ஸ்க்ரம் ஹாஃப், தள்ளும் எட்டுப் பேருக்கும் ஓடக் காத்திருக்கும் ஆறு பேருக்கும் நடுவில் நிற்கிறவர். ஸ்க்ரத்துக்குள் பந்தை உருட்டுவது அவர் வேலை. உருட்டிவிட்டு, அந்த எட்டு முதுகுகளையும் சுற்றிப் பின்பக்கம் ஓடிவந்து குனிந்து நிற்பார். பதினாறு பேருடைய மூச்சும் முனகலும் காதில் விழும். பூட்ஸ்களுக்கிடையில் சேறு பூசிய பந்து தெரியும். அதைக் கையால் தொட்டு எடுத்த நொடியிலேயே எதிரணியின் ஆள் அவர் மேல் பாய்ந்துவிடலாம். ஆகவே எடுப்பதும் எறிவதும் ஒரே அசைவாக இருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்து யோசிக்க நேரம் இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று குனிவதற்கு முன்பே மனதில் வாங்கிவைத்திருக்க வேண்டும். கரமடியில் குரல் கொடுப்பவருக்கும் இதே வேலைதான். அவர் கயிற்றில் பெரிதாக இழுப்பதில்லை. ஆனால் அவர் பிசகினால் வலை திரும்பும்.

இந்த இடத்துக்கு மலை போன்ற உடல் வேண்டாம். பிரான்ஸ் நாட்டின் அந்துவான் துபோன் இன்றைய உலகின் தலைசிறந்த ஸ்க்ரம் ஹாஃப் என்று ரக்பி பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் சொல்வார்கள். பைரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூர்ப் பிள்ளை. உயரம் 174 சென்டிமீட்டர்தான். 2021இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பியில் பிரான்ஸ் தங்கம் வாங்கியபோது அவரும் அணியில். நம் தோப்புகளுக்கிடையே கபடி ஆடும் பிள்ளைகளின் உயரமும் கட்டும் அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

வலது விங் வேறு மாதிரி. மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். அரைமணி நேரம் பந்தே வராமல் போகலாம். வந்தால் ஓட்டம்தான். ஒரே ஆள் இந்த இரண்டு இடத்திலும் ஆடினார் என்றால் கூட்டத்துக்கு நடுவில் நிதானமும் வெளியில் வேகமும் அவருக்கு இருந்திருக்கின்றன.

பிரான்ஸைச் சொன்னதால் இன்னொரு வாழ்க்கையையும் இங்கே வைத்துப் பார்க்கிறேன். செர்ஜ் பிளாங்கோ. 1958இல் வெனிசுவேலாவின் கராகஸில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தை இறந்துவிட, பாஸ்க் இனத்தைச் சேர்ந்த தாய் பிள்ளையை எடுத்துக்கொண்டு பிரான்ஸின் பியாரிட்ஸ் ஊருக்கு வந்தார். அட்லாண்டிக் அலை அடிக்கும் கடற்கரை ஊர் அது. 1980 முதல் 1991 வரை பிரான்ஸுக்காக 93 ஆட்டங்கள், 38 டிரை. 1987 ஜூன் 13, சிட்னி, முதல் உலகக் கோப்பையின் அரையிறுதி: இரண்டு பக்கமும் 24 என்று சமநிலையில் நிற்க, நேரம் முடியும் தறுவாயில் பல கை மாறி வந்த பந்தை இடது மூலையில் கொண்டுபோய்த் தரையில் வைத்தார். பிரான்ஸ் 30, ஆஸ்திரேலியா 24. கழக ஆட்டத்தில் கடைசிவரை பியாரிட்ஸை விட்டுப் போகவில்லை. ரக்பியில் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கலாம் என்று விதி மாறியதே 1995இல்தான். அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பின்பு 1998இல் பிரான்ஸின் தொழில்முறை ரக்பி லீக்கின் தலைவராகி பத்து ஆண்டு நடத்தினார்.

பிளாங்கோ களத்தில் இறங்கியபோது அவர் முதுகுக்குப் பின்னால் பிரான்ஸின் முக்கால் நூற்றாண்டு இருந்தது. ஊர் ஊராகக் கழகம், பள்ளி, பயிற்சியாளர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். போஸும் அவரோடு இறங்கியவர்களும் 1998இல் இறங்கியபோது பின்னால் அப்படி எதுவும் இல்லை. மும்பை, கொல்கத்தா, டெல்லி என்று ஒருசில நகரங்களின் கழகங்கள், அவ்வளவுதான். பிளாங்கோவின் வாழ்க்கையை டிரைகளை எண்ணி எழுதிவிடலாம். இந்திய ஆட்டக்காரரின் வாழ்க்கையை அப்படி எண்ணி எழுதினால் அநியாயம். வேலைக்குப் போய்க்கொண்டே, சொந்தக் காசில் பூட்ஸ் வாங்கி, மழைக்காலத்துச் சேற்றில் பயிற்சி எடுத்து, பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில்கூடப் பெயர் வராத ஒரு ஆட்டத்துக்காகத் தோள் எலும்பைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். 126 ஆண்டு மூடிக் கிடந்த கதவை அந்தப் பதினைந்து பேர்தான் தள்ளித் திறந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1998க்குப் பிறகு சுமார் பத்து ஆண்டுகள் அவர் தேசிய அணியோடு இருந்தார். 2009இல், இனி அணிக்குத் திரும்பப் போவதில்லை என்று அறிவித்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. விங்கில் ஓடுகிறவருக்கு அது மிக நீண்ட காலம். இடையில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அபர்ணா சென்னின் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' 2002இல் வந்தது. கலவரம் மூண்ட வழியில், கைக்குழந்தையோடு பேருந்தில் வரும் தமிழ்ப் பெண்ணுக்கு வழித்துணையாகும் ராஜா சவுத்ரி அவர்தான். படங்களைப் பற்றி இந்தத் தொடரில் இதற்கு மேல் வேண்டாம்.

சொல்ல வேண்டியது 2004 டிசம்பர் 26 பற்றி. அந்த ஞாயிறு காலையை நம் கடற்புறத்துக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே போதும். மணக்குடிப் பாலம் பெயர்ந்துபோனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்கு வந்த அதே அலை நமக்கு முன்பே அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியிருந்தது. போஸ் நிவாரண வேலைக்காக அங்கே போனார். போய்விட்டுத் திரும்பிவிடவில்லை. அந்தத் தீவுகளின் பிள்ளைகள் நல்ல பள்ளிகளில் படிக்க ஒரு உதவித் திட்டத்தைத் தொடங்கி, பிறகு தம் 'தி ஃபவுண்டேஷன்' அமைப்பின் வழியாகத் தொடர்ந்து நடத்தினார். நிவாரணப் பொருள் இறக்கிவிட்டுப் போன லாரிகளை நாம் நிறையப் பார்த்தோம். மறுபடி மறுபடி வந்தவர்கள் யார் என்பதையும் நாம் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இனி ஆட்டம் வேலிக்கு வெளியே வந்த கதை. அதைப் போஸ் ஒருவர் கணக்கில் எழுதக் கூடாது. 2004இல் கொல்கத்தாவில் பால் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் தூதரக அலுவலர் மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுத்து ஆடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 'ஜங்கிள் குரோஸ்' என்று அணி உருவாயிற்று. வெள்ளி ரூபாயை உருக்கிக் கோப்பை அனுப்பிய அதே ஊரில், பிள்ளைகள் வெறுங்காலோடு அந்த ஆட்டத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். புவனேஸ்வரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அவர் பயிற்சி தந்தார். அந்தப் பிள்ளைகள் 2007இல் லண்டனில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பன்னாட்டுப் பள்ளிப் போட்டியில் கோப்பை வாங்கினார்கள். 'ஜங்கிள் க்ரை' என்ற படம் அவர்கள் கதைதான்.

2009இல் எழுவர் ரக்பியை ஒலிம்பிக்கில் சேர்க்க முடிவானது. 2016 ரியோவில் அரங்கேறியது. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். ஒலிம்பிக் என்று வந்ததும் மாநில அரசுகள் திரும்பிப் பார்த்தன. ஒடிசாவும் பீகாரும் முந்திக்கொண்டன. பெண் பிள்ளைகள் வந்தார்கள். 2018இல் இந்தியப் பெண்கள் பதினைவர் அணி முதல் முறை களமிறங்கியது. மறு ஆண்டு ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. பெண்கள் அணிக்கு அதுவே முதல் வெற்றி. கடைசி நிமிடங்களில் வெற்றிப் புள்ளிகளை உதைத்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக், அதே கலிங்கா நிறுவனத்து மாணவி. வேகத்தில் அந்த அணியைச் சுமந்தவர் பீகாரின் ஸ்வீட்டி குமாரி. நூறு ஆண்டுக்கு மேல் துரைமாரின் பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் நகரத்து வசதிக்காரர்களின் பிள்ளைகளும் மட்டுமே தொட்ட பந்தை, வயல்காட்டில் ஓடிப் பழகிய பெண் பிள்ளைகள் இன்று நாட்டின் பெயரால் கொண்டு ஓடுகிறார்கள்.

2021இல் ராகுல் போஸ் இந்திய ரக்பி சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் அணியில் ஆடியவரே சங்கத்தின் நாற்காலிக்கு வந்தார். ஆடாதவர்கள் அமர்ந்திருக்கும் சங்கங்கள் நம் நாட்டில் அதிகம் என்பதால் இதைத் தனியாகக் குறிக்கிறேன். 2025 ஜூனில், அவர் தலைமையில் சங்கமும் ஜி.எம்.ஆர். குழுமமும் சேர்ந்து ரக்பி பிரிமியர் லீக்கைத் தொடங்கின. எழுவர் ஆட்டத்துக்கான உரிமையாளர் லீக். ஆறு அணிகள், நான்கு நிமிடம் வீதம் நான்கு பகுதி. பிஜியிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் வந்த ஒலிம்பிக் வீரர்களோடு இந்தியப் பிள்ளைகள் ஒரே அணியில் ஆடினார்கள். மும்பை அந்தேரியில் ஜூன் 29ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் அணி டெல்லி ரெட்ஸை 41–0 என்று வென்றது. முதல் கோப்பை தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய அணிக்கு.

சென்னையின் பெயர் வந்துவிட்டது. பிள்ளைகள் இனிமேல்தான் வர வேண்டும். இங்கே கடற்புறத்தில் கால்பந்து; உள்ளே தோப்பும் விளையுமாக இருக்கும் ஊர்களில் இரவு விளக்கு கட்டிக் கபடி. ஒன்று ஓடவும் உதைக்கவும் கற்றுத்தருகிறது. மற்றது ஓடுகிறவனை இடுப்பில் மடக்கிச் சாய்க்கக் கற்றுத்தருகிறது. இரண்டும் தெரிந்த பிள்ளைக்கு ரக்பியில் புதிதாகப் படிக்க இருப்பது அந்த ஒரே விதிதான். நம் ஒன்றியத்தில் கபடிக் கழகம் நடத்துகிறவர்களும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களும் ஒரு முட்டைப் பந்து வாங்கி மணலில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மணலில் விழுந்தால் அடி அதிகம் படாது. கற்கத் தொடங்க அதைவிட நல்ல தரை கிடையாது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஈழத் தமிழர்களுக்கு இந்த ஆட்டம் நம்மைவிட நெருக்கம். கொழும்பு ராயல் கல்லூரியில் படித்த சும்மா நவரத்தினம் இலங்கைக்காக ரக்பியும் ஆடினார், நூறு மீட்டரும் ஓடினார். 1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி ஆஸ்திரேலியப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி இலங்கையோடு ஆடியது. 44–6 என்று லயன்ஸ் வென்றது. அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் ஏராளம். சென்னையில் தீவுத்திடல் பக்கம் வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப் பெட்டியில், முட்டைப் பந்தோடு வரிசையாக நிற்கும் ஆட்டக்காரர்களின் பழைய படமோ, அழைப்பிதழோ, பத்திரிகைத் துண்டோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஓரத்தில் கோடு போடும் ஆளாக உங்கள் தாத்தா நின்றிருந்தாலும் அவர் இந்த வரலாற்றில் இருக்க வேண்டியவர். ஒரு நகல் எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். தொடர் நூலாகும்போது பெயரோடு சேர்க்கப்படும்.